மேட்டுலயா, சமத்துலயா?

மேட்டுப்பாளையத்தில் பட்டறை வைத்திருப்பவனுக்கு ஊட்டி மலையே சோதனைக்கூடம். எங்கள் ஊர் கடல்மட்டத்திலிருந்து முந்நூற்றுச் சொச்சம் மீட்டரில் இருக்கிறது. கல்லாறு தாண்டி, பர்லியாறு வழியாகக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிக் குன்னூர் போனால் சுமார் 1,800 மீட்டர், ஊட்டி போனால் 2,240 மீட்டர். கோயமுத்தூருக்குள் சிக்னலுக்குச் சிக்னல் ஊர்ந்துகொண்டிருந்த வண்டியில் மாதக்கணக்கில் பதுங்கியிருந்த கோளாறு, கல்லாறில் இரண்டாவது கியர் போட்டு ஆக்ஸிலேட்டரை அழுத்தியதும் வெளியே வந்துவிடும். அப்படி வெளியே வந்தவற்றில் பெரும்பங்கு மிஸ்ஸிங்தான். அம்பாசடர், பிரீமியர் பத்மினி, மாருதி 800, பிற்பாடு ஜென், எஸ்டீம் என்று என் கைக்கு வந்த பழைய வண்டிகள் எல்லாமே ஒருமுறையாவது அந்தக் குறையோடு வந்திருக்கின்றன.

மிஸ்ஸிங் என்று வருகிறவரிடம் நான் முதலில் பானட்டைத் திறக்கச் சொல்வதில்லை. ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துக் கேட்பேன்: "எப்பங்க அடிக்குது? மேட்டுலயா, சமத்துலயா? ஸ்டார்ட் பண்ணுன உடனேவா, சூடானதுக்கு அப்புறமா? மழையில கூடுதலா? பெட்ரோல் எங்க போட்டீங்க?" சிலருக்கு இது நேரத்தை வீணடிப்பதாகத் தெரியும். "பிளக்கை மாத்திப் பாருங்க அண்ணா, சரியாயிடும்" என்பார்கள். பிளக்கை மாற்றச் சில நிமிஷம் போதும். ஆனால் எப்போது அடிக்கிறது என்று தெரியாமல் பிளக்கை மாற்றிவிட்டால், தற்செயலாக ஒரு நாள் நன்றாக ஓடிவிட்டு மறுபடி அடிக்கும்போது, கைக்குக் கிடைத்திருந்த தடயமும் போயிருக்கும்.

எப்போது என்ற கேள்விக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று சொல்லிவிடுகிறேன். சிலிண்டருக்குள் எரிய வேண்டுமானால் பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் வர வேண்டும், பிஸ்டன் அதை நன்றாக அழுத்த வேண்டும், சரியான நேரத்தில் வலுவான பொறி விழ வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் அந்தச் சுற்றில் அந்தச் சிலிண்டர் வேலை செய்யாது. தவில்காரர் நடுவில் ஒரு அடியை விட்டுவிட்டு வாசிப்பதுபோல வண்டி ஓடும். காதுக்கு எல்லா மிஸ்ஸிங்கும் ஒன்றுபோலத்தான் கேட்கும். ஆனால் ஒவ்வொரு குறையும் தலைகாட்டும் நேரம் வேறு.

பொறி பலவீனமாக இருந்தால் மேட்டில் தெரியும். ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதிக்கும்போது சிலிண்டருக்குள் நிறையக் காற்று புகுந்து அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடக்கூடப் பிளக்கின் இடைவெளியைத் தாண்டக் கரண்டுக்கு அதிக வோல்டேஜ் வேண்டும். காயிலுக்கோ கண்டென்சருக்கோ அந்தத் தெம்பு இல்லையென்றால் அங்கேதான் கைவிடும். இன்டேக் மேனிஃபோல்டிலோ கார்புரேட்டரின் அடி கேஸ்கட்டிலோ காற்று கசிந்தால் நேர் எதிர். நின்றுகொண்டிருக்கும்போது குலுங்கும், ஸ்லோ நிற்காது, வேகம் எடுத்ததும் ஒன்றுமே இல்லாததுபோல ஓடும். ஐடிலிங்கில் இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம், அதில் கசிவின் பங்கு பெரிது. வேகத்தில் அதே கசிவு ஒரு பொருட்டே இல்லை. பெட்ரோல் போதாமல் அடித்தால், மேடு தொடங்கியதும் அடிக்காது. கார்புரேட்டர் கிண்ணத்தில் நிரம்பியிருந்தது தீரும்வரை நன்றாக இழுத்துவிட்டு, அதற்குப் பிறகு திணறும். ஓரமாக நிறுத்திச் சில நிமிஷம் கழித்துக் கிளப்பினால் மறுபடி கொஞ்ச தூரம் நன்றாகப் போகும். எக்ஸாஸ்ட் வால்வு பொசுங்கியிருந்தால் எப்போதும் அடிக்கும், சூடானதும் கூடும். வண்டிக்காரர் தன்னை அறியாமலே இதில் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருப்பார். அதைக் காதில் வாங்குவதுதான் இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டதில் பெரிய பகுதி.

அடுத்தது எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிப்பது. பொறி விழ வேண்டிய நேரத்தில் காயில் கரண்டை வெட்டிவிடும் பாயிண்ட் வைத்த பழைய வண்டிகளில் இன்ஜினை ஸ்லோவில் ஓடவிட்டு, ரப்பர் கைப்பிடி போட்ட கட்டிங் பிளேயரால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவோம். நல்ல சிலிண்டரின் வயரைக் கழற்றினால் இன்ஜின் சத்தம் இறங்கும், குலுக்கம் கூடும். செத்த சிலிண்டரின் வயரைக் கழற்றினால் எந்த மாற்றமும் இருக்காது. மாருதி 800-இல் இருப்பது மூன்றே சிலிண்டர், ஒன்று போனால் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போகிறது. அந்த வண்டி கல்லாறு பாலத்தோடு சரி. கழற்றிய வயரைப் பிளாக்கில் ஒட்டி வைத்து எர்த் கொடுக்க வேண்டும். அந்தரத்தில் விட்டால் போக வழியில்லாத கரண்ட் காயிலுக்குள்ளேயே ஓட்டை போட்டுவிடும். எலக்ட்ரானிக் இக்னிஷன் வண்டிகளில் இப்படி ஓடும்போது வயரைப் பிடுங்கவே கூடாது, மாட்யூல் போய்விடும். பட்டறைப் பையன்களிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இன்னொரு பழைய சோதனை உண்டு. ஒரு துண்டுக் காகிதத்தைச் சைலன்சர் வாயருகே பிடிக்க வேண்டும். நல்ல இன்ஜின் அதை ஒரே சீராக வெளியே தள்ளும். பொறி தவறினால் தள்ளுவதில் இடை விழும். எக்ஸாஸ்ட் வால்வு சரியாக மூடாமல் இருந்தால் காகிதம் நடுநடுவே உள்நோக்கி இழுபடும், ஏனென்றால் பிஸ்டன் கீழே இறங்கும்போது திறந்திருக்கும் வால்வு வழியாக வெளியிலிருந்தே காற்றை இழுக்கிறது. காசு செலவில்லாத சோதனை. இன்றைக்கும் செய்கிறேன்.

பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதில் எனக்கு அலுப்பே வந்ததில்லை. கழற்றிய வரிசை மாறாமல் ஒரு பலகையில் அடுக்கி, வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பேன். முனை இளம் பழுப்பாக இருந்தால் அந்தச் சிலிண்டரில் எல்லாம் சரி. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்துப்போயிருந்தால் காற்று அதிகம், அல்லது டைமிங் தவறியிருக்கிறது. எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால் ரிங் அல்லது வால்வு கைடு. பெட்ரோலில் நனைந்து வாசம் அடித்தால் பெட்ரோல் வந்திருக்கிறது, பொறிதான் வரவில்லை. நான்கும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் குறை எல்லாருக்கும் பொதுவான இடத்தில், அதாவது கார்புரேட்டரிலோ ஏர் ஃபில்டரிலோ சோக்கிலோ இருக்கிறது. ஒன்று மட்டும் வேறுபட்டால் குறை அந்தச் சிலிண்டருக்கே உரியது. அடுத்தடுத்த இரண்டு சேர்ந்து வேறுபட்டால் ஹெட் கேஸ்கட்டில் அந்த இரண்டுக்கும் நடுவே பொசுங்கியிருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். துடைத்துவிட்டுக் கொண்டுவரும் பிளக்கில் இதெல்லாம் கிடைக்காது. அதனால்தான் வண்டியைக் கொண்டுவருவதற்கு முன் யாரும் பிளக்கைச் சுத்தம் செய்யாதீர்கள் என்று கெஞ்சுகிறேன்.

மழை மிஸ்ஸிங் தனி ரகம். வடகிழக்குப் பருவமழை குன்னூர் பக்கம் கனமாகப் பெய்யும். ஐப்பசி, கார்த்திகையில் மேலிருந்து வருகிற வண்டிகளில், "பனி மூட்டத்துல மட்டும் அடிக்குதுங்க, கீழ வந்தா சரியாயிடுதுங்க" என்ற பேச்சு அதிகம் கேட்கும். பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கும். ஈரம் அதில் இறங்கியதும், கரண்ட் பிளக்குக்குப் போகாமல் அந்த ஈரத்தின் வழியே பக்கத்து முனைக்கோ பாடிக்கோ ஓடும். ஓடிய பாதையில் கரிக்கோடு விழும். கரி மின்சாரத்தைக் கடத்துவதால், அடுத்த தடவை ஈரம்கூடத் தேவையில்லை. இதைக் கண்டுபிடிக்க இருட்டிய பிறகு பட்டறை விளக்கை அணைத்துவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு, செடிக்கு அடிக்கும் தெளிப்பானால் மூடி மேலும் வயர்கள் மேலும் தண்ணீர்ப் புகையாக அடிப்பேன். கசிகிற இடத்தில் நீலக் கோடு நெளியும். எந்த மீட்டரும் இவ்வளவு தெளிவாக இடத்தைக் காட்டாது. கரிக்கோட்டைப் பிளேடால் சுரண்டி, மேலே நெயில் பாலிஷ் பூசினால் ஊர் போய்ச் சேரலாம். ஆனால் மூடியை மாற்றியே ஆகவேண்டும்.

சர்வீஸ் முடிந்து வந்த மறுநாளே மிஸ்ஸிங் என்றால் பெரும்பாலும் வயர் மாறியிருக்கும். அம்பாசடருக்கும் பத்மினிக்கும் எரியும் வரிசை 1-3-4-2, மாருதி 800-க்கு 1-3-2. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ரோட்டர் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்காமல் மாட்டினால் இரண்டு வயர் இடம் மாறிவிடும். அதை விட்டு மேலே போகலாம்.

நான் சொல்ல ஆசைப்படுகிற வண்டி ஒரு அம்பாசடர். 1,489 சிசி பெட்ரோல் இன்ஜின், எஸ்யூ கார்புரேட்டர், லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர். குன்னூர்ப் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் கணக்கு வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவருடையது. வண்டியை அவர் வைத்திருந்த விதத்தைப் பார்த்தாலே மரியாதை வரும். சீட்டுக்குத் துணி உறை, டிக்கியில் மடித்து வைத்த சாக்கு, டேஷ்போர்டில் ஒரு நோட்டு. எந்த நாள் எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு ஓடியது, என்ன வேலை செய்தார்கள் என்று எல்லாம் அந்த நோட்டில் இருந்தது.

"தம்பி, மேல ஒரு தொந்தரவும் இல்லீங்க. மலை ஏறுறப்பவும் ஜம்முனு ஏறுது. கீழ எறங்கி உங்க ஊரைத் தாண்டி காரமடை ரோட்டுல போனா மட்டும் வெட்டி வெட்டி இழுக்குது."

இதைக் கேட்ட எவருக்கும் முதலில் தோன்றுவது வெயில். மேலே குளிர், கீழே சூடு. சூட்டில் பெட்ரோல் பைப்பிலேயே ஆவியாகிறது, அல்லது காயில் சூடாகிப் படுக்கிறது என்று நினைப்பதில் தப்பில்லை. அவர் வண்டியில் வேலை பார்த்தவர்களும் அப்படியே நினைத்திருந்தார்கள். காயில் மாற்றியாயிற்று, பெட்ரோல் பம்பு மாற்றியாயிற்று, பெட்ரோல் பைப்பில் ஈரத்துணி சுற்றியும் ஓட்டியாயிற்று. எல்லாம் நோட்டில் தேதியோடு இருந்தது. கூடவே இன்னொரு வரியும் இருந்தது. மகனை ஏற்றிவிட விடியற்காலை நாலு மணிக்குக் கோயமுத்தூர் ஏர்போர்ட் போனபோதும் வண்டி வெட்டியிருக்கிறது. அது மார்கழி மாதம். அந்த நேரத்தில் காரமடையில் சூடு எங்கிருந்து வரும்?

வெயில் காரணமில்லை என்றால் மலைக்கும் சமவெளிக்கும் வேறு என்ன வித்தியாசம்? ஓட்டுகிறவரின் கால். மலையில் ஏறும்போது ஆக்ஸிலேட்டர் நிறைய மிதிபட்டிருக்கும், இறங்கும்போது கால் எடுபட்டிருக்கும். லேசாக மிதித்தபடி நெடுநேரம் ஒரே சீராக ஓட்டுவது சமமான ரோட்டில் மட்டும்தான். காரமடை ரோட்டில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் அவர் செய்தது அதைத்தான். காயில் பலவீனம் என்றால் மேட்டில்தான் முதலில் அடித்திருக்க வேண்டும். மேட்டில் நன்றாக ஏறி, லேசான மிதிப்பில் மட்டும் அடிக்கிறதென்றால், லேசான மிதிப்பில் மட்டும் வேலை செய்கிற ஒரு பாகத்தைத் தேட வேண்டும்.

அப்படி ஒரு பாகம் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் இருக்கிறது. தட்டையான டப்பி மாதிரி, உள்ளே ஒரு டயாஃப்ரம். கார்புரேட்டரிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று அதற்கு வருகிறது. லேசான மிதிப்பில் ஓடும்போது கார்புரேட்டரில் உண்டாகும் உறிஞ்சலை அந்தக் குழாய் கொண்டுவர, டயாஃப்ரம் ஒரு கம்பியை இழுக்க, கம்பி பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டைக் கொஞ்சம் திருப்பும். பொறி கொஞ்சம் முன்னதாக விழும், பெட்ரோல் மிச்சமாகும். முழுக்க மிதித்தால் உறிஞ்சல் குறைந்துவிடும், தட்டு பழைய இடத்துக்கு வந்துவிடும். ஸ்லோவில் நிற்கும்போதும் அந்தக் குழாய்க்கு உறிஞ்சல் கிடையாது. அந்த வண்டி எப்போது அடித்ததோ, அப்போது மட்டும்தான் இந்தத் தட்டு திரும்புகிறது.

குழாயை டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் கழற்றி, கார்புரேட்டர் பக்கத்து முனையை அடைத்துவிட்டு, பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காரமடை வரை ஓட்டினேன். ஒரு வெட்டுகூட இல்லை. ரயில்வே கேட்டருகே நிறுத்திக் குழாயை மாட்டித் திரும்பினோம். வெட்ட ஆரம்பித்துவிட்டது. "அட" என்றார். திரும்பி வரும் வழி முழுக்க அந்த டப்பியைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தார்.

பட்டறைக்கு வந்து மூடியைக் கழற்றினேன். வெளி டெர்மினலிலிருந்து பாயிண்டுக்குப் போகிற சின்ன வயர் ஒன்று உண்டு. தட்டு திரும்பும்போதெல்லாம் அதுவும் கூடவே அசைகிறது. பார்வைக்கு மேலுறை முழுசாக இருந்தது. மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் வயரின் இரு தலைப்பிலும் வைக்கப் பையனிடம் சொல்லிவிட்டு, குழாயை நான் வாயால் உறிஞ்சினேன். தட்டு திரும்பியது, மீட்டரில் தொடர்பு விட்டுப்போனது. உறிஞ்சுவதை விட்டதும் தொடர்பு திரும்பி வந்தது. வயரைக் கழற்றி இழுத்தால் ரப்பர்போல நீண்டது. உள்ளே செம்பு இழைகள் அத்தனையும் அறுந்து, தளர்வாக இருக்கும்போது மட்டும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. பல வருஷமாகத் தட்டு திரும்பித் திரும்பி ஏற்பட்ட தேய்மானம்.

அந்த இடத்தில் கைக்குக் கிடைத்த வயரைப் போட்டுவிடக் கூடாது. ஹாரனுக்கும் லைட்டுக்கும் போடும் வயரில் இழைகள் தடிமன், எண்ணிக்கை குறைவு. அடிக்கடி மடங்கினால் சீக்கிரம் அறும், போதாததற்குத் தட்டையும் திரும்பவிடாமல் பிடிக்கும். நூல்போல நிறைய இழைகள் உள்ள மெல்லிய வயர் வேண்டும், மல்டிமீட்டர் முனைக்கு வருவது மாதிரி. அதை அளவாக வெட்டி, தட்டு கடைசிவரை திரும்பினாலும் இழுபடாத தளர்வு விட்டு, இரு தலைப்பிலும் ஈயம் பற்றவைத்து மாட்டினேன். பாயிண்ட் இடைவெளியை 0.4 மில்லிமீட்டருக்கு வைத்து டைமிங் பார்த்ததோடு வேலை முடிந்தது. கழற்றிப்போட்ட பழைய காயிலும் பம்பும் டிக்கியில் சாக்குக்கு அடியில் இருந்தன. இரண்டும் நல்ல நிலையில் இருக்கின்றன, எறிந்துவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். அந்த நோட்டு இல்லாமல் இருந்தால் நானும் சூட்டைத்தான் முதலில் துரத்தியிருப்பேன்.

வால்வு சம்பந்தப்பட்ட மிஸ்ஸிங் இவ்வளவு சுவாரசியமானது அல்ல, செலவு மட்டும் அதிகம். நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியோடு நின்றது. மனிதருக்கு அது பெரிய நன்மை, அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. ஆனால் பழைய வார்ப்பிரும்பு ஹெட்டுகளில், எக்ஸாஸ்ட் வால்வுக்கும் அது உட்காரும் சீட்டுக்கும் நடுவே ஈயம் ஒரு மெல்லிய பூச்சாகப் படிந்து தேய்மானத்தைத் தடுத்துவந்தது. அது நின்ற பிறகு, மலையில் நெடுநேரம் முழு மிதிப்பில் ஏறும் வண்டிகளில் சீட்டு தேய்ந்து வால்வு மேலேறத் தொடங்கியது. வால்வு ஏற ஏற டேப்பட் இடைவெளி குறையும். அம்பாசடருக்கு 0.38 மில்லிமீட்டர் இருக்க வேண்டியது ஒன்றுமில்லாமல் போய்விடும். சூடாகித் தண்டு நீண்டதும் வால்வு முழுக்க மூடாது. காலையில் நன்றாகக் கிளம்பும் வண்டி பர்லியாறு டீக்கடை வருவதற்குள் மூன்று சிலிண்டரில் இருமிக்கொண்டு நிற்கும்.

இதற்குக் கம்ப்ரஷன் கேஜ் வேண்டும். எல்லாப் பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். அளவு எவ்வளவு என்பதைவிட, சிலிண்டருக்குச் சிலிண்டர் எவ்வளவு வித்தியாசம் என்பதே எனக்கு முக்கியம். பழைய வண்டியில் நான்கும் ஒன்றுபோலக் கொஞ்சம் குறைந்திருந்தால் ஓடும். மூன்று ஒன்றுபோல நின்று ஒன்று மட்டும் பாதிக்கு இறங்கியிருந்தால் ஓடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பேன். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. சீட்டு தேய்ந்த ஹெட்டைக் கோயமுத்தூரில் லேத்துக்கு அனுப்பி, கடினமான உலோகத்தில் புது சீட்டு இறக்கி வாங்குவோம். இன்சர்ட் இறக்குவதில் கோயமுத்தூர் லேத்துக்காரர்களின் கை நேர்த்தி தனி. வெறுமனே வால்வை அரைத்து மாட்டி அனுப்பினால், அந்தச் சீட்டு மறுபடி தேயும், வண்டி மறுபடி வரும்.

உயரம் செய்கிற வேலையையும் சொல்ல வேண்டும். ஊட்டியில் காற்றின் அடர்த்தி எங்கள் ஊரைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டருக்கு அது தெரியாது, கீழே விட்ட கணக்கிலேயே பெட்ரோலை விடும். கீழே சரியாக ட்யூன் செய்த வண்டி மேலே போய்ப் பிளக்கில் கரி கட்டி இருமும். மேலே கரி கட்டுகிறது என்று அங்கேயே பெட்ரோலைக் குறைத்து ட்யூன் செய்தால், கீழே வந்ததும் பெட்ரோல் போதாமல் கார்புரேட்டர் வழியாகப் படபடவென்று வெடிக்கும். ஆகவே எந்த ஊரில் அதிகம் ஓடுகிறது என்று கேட்டுவிட்டே ஸ்க்ரூவில் கை வைப்பேன். இரண்டு இடத்திலும் சமமாக ஓடுகிற வண்டிக்குக் கீழே இருந்து ஒரு பொட்டு குறைத்து வைப்பது என் வழக்கம்.

இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. 2025-இல் இருபது சதம் எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் பங்க்குகளில் வந்துவிட்டது. ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், ஒரு கிலோ எத்தனாலுக்கு ஒன்பதே போதும். அளவு மாற்றத் தெரியாத பழைய ஜெட்டில் இந்தக் கலவை போனால், பெட்ரோல் குறைத்து ட்யூன் செய்ததற்குச் சமம். அதைவிட எனக்குக் கவலை தருவது ஈரம். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அளவுக்கு மேல் உறிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலுமாகச் சேர்ந்து டாங்கின் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். மூடுபனியில் வாரக்கணக்கில் நிறுத்திவைக்கும் மலை வண்டிகளுக்கு இது நல்லதில்லை. பல வருஷப் பிசினையும் அது கரைத்துக்கொண்டு வந்து ஜெட்டில் அடைக்கும், பழைய ரப்பர் குழாய்களையும் பம்பு டயாஃப்ரத்தையும் ஊறவைக்கும். அதனால் நின்றுபோயிருந்த வண்டி மிஸ்ஸிங் என்று வந்தால், முதலில் கார்புரேட்டர் கிண்ணத்திலிருப்பதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் வடித்து வைத்துவிட்டு மற்றதைப் பார்க்கிறேன். அடியில் தனிப் படலம் தெரிந்தால், இக்னிஷன் பக்கம் போகவே வேண்டாம். டாங்கைக் கழுவி, குழாய்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்ற வேண்டும். நிறுத்திவைக்கப் போகிறவர்கள் வாரம் ஒருமுறையாவது நாலு கிலோமீட்டர் ஓட்டுங்கள். வெறுமனே ஸ்டார்ட் செய்து அணைப்பதில் பிளக்கில் கரி படிவதுதான் மிச்சம்.

கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் உள்ள எம்பிஎஃப்ஐ வண்டிகளில் ஸ்கேனர் வந்த பிறகு பையன்களுக்கு வேலை சுலபமாகிவிட்டது என்கிறார்கள். பாதி உண்மை. கிராங்க் சுழலும் வேகத்தில் விழும் சின்னத் தடுமாற்றத்தைக் கணினி கவனித்து, பி0302 என்று கோடு காட்டும். இரண்டாவது சிலிண்டர் தவறுகிறது என்பது மட்டும்தான் அதன் பொருள். பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா, வால்வா என்பதை அது சொல்லாது. சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டியானால் இரண்டாவது காயிலை மூன்றாவதில் மாற்றி மாட்டி ஓட்டிப் பாருங்கள். கோடு மூன்றுக்கு நகர்ந்தால் காயில். நகராவிட்டால் பிளக்கை அதேபோல மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதான். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது, வாடிக்கையாளர் இரண்டுக்கும் காசு கொடுப்பார். அதோடு, செக் இன்ஜின் விளக்கு மினுக்கினால் அந்த வண்டியை மேற்கொண்டு ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும், உள்ளே இருக்கும் பீங்கான் கூடு உருகும்.

பாயிண்ட் வண்டிகளுக்கு இன்று உதிரிபாகம்தான் பெரிய பாடு. சென்னை புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் தேடினால் பழைய சரக்கு ஏதாவது அகப்படும். புதிதாக வரும் கண்டென்சர்களை வாங்கியதும் மாட்டுவதில்லை. கெபாசிட்டன்ஸ் மீட்டரில் 0.2 மைக்ரோஃபாரடுக்குப் பக்கத்தில் காட்டுகிறதா என்று பார்த்து, சூடுபடுத்தி இன்னொரு முறையும் பார்த்தே மாட்டுகிறேன். பாயிண்டின் முகம் சீக்கிரம் நீலம் பாய்ந்து குழி விழுந்தால் கண்டென்சரைச் சந்தேகப்பட வேண்டும். பாயிண்டை மட்டும் மாற்றிப் புண்ணியமில்லை.

அதனால் பலர் பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் கிட் போடச் சொல்கிறார்கள். நான் எதிர்ப்பதில்லை. தேய்மானம் இல்லை, டைமிங் நகராது, மழையில் ஸ்டார்ட்டிங் நன்றாக இருக்கிறது. அடிக்கடி மலை ஏறுகிறவர்களுக்கு நானே போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆனால் கிட் போகும்போது சொல்லாமல் போகும், ரோட்டோரத்தில் அதைச் சரிசெய்ய முடியாது. ஆகவே கழற்றிய தட்டை வண்டிக்காரரிடமே கொடுத்துவிடுகிறேன். பாயிண்டும் சோதித்த கண்டென்சரும் அதிலேயே பூட்டி ஒரு டப்பாவில் போட்டு, கூடவே ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஃபீலர் கேஜும் வைத்து டிக்கியில் போடச் சொல்வேன். கேம் முனையில் இடைவெளி 0.4 மில்லிமீட்டர். எப்படி மாட்டுவது என்று வண்டிக்காரரையே ஒரு தடவை மாட்ட வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பேன்.